பிரிக்காத தட்டு

என் அத்தானுக்கு எங்கள் சந்தையில் வைத்திருக்கிற பெயர் ‘இன்னும் ஏறும்’. முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “என்ன இன்னும் ஏறும், டீ சொல்லட்டுமா?” என்றால் அவரும் கூச்சமில்லாமல், “சொல்லு, சொல்லு” என்பார். பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கிற மனிதர். விற்கிற என்பது வாய் தவறி வந்துவிட்டது. வாங்குகிற மனிதர்.

ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கிற வளைவுகளில்தான் எங்கள் கடைகள். ஒரு வளைவை நடுவில் பலகை வைத்துத் தடுத்து இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் பை தைக்கிறவன். அறுந்த பிடி, பல் போன ஜிப், வாய் பிளந்த சூட்கேஸ் எல்லாம் என்னிடம் வரும். மேலே ரயில் போனால் இரண்டு கடையும் சேர்ந்து அதிரும், தட்டின் மேல் முள் குதிக்கும். அதனால் தண்டவாளம் முனக ஆரம்பித்ததுமே அத்தான் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ரயில் கடந்து போகும்வரை கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரோடு பேசுவார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட இடத்தில் இறக்குவார்.

ஆரம்பத்தில் அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தார். மீட்டர் எங்கே இருக்கும்? மாடிப்படிக்கு அடியில். வீட்டுக்கு வேண்டாத சாமான் எங்கே கிடக்கும்? அதே மாடிப்படிக்கு அடியில். கேசட் வந்த காலம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் மீட்டருக்குக் கீழே ஒரு அடுக்குத் தட்டு தூசி தின்றுகொண்டிருக்கும். “இத எடுத்துட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்” என்று வீட்டுக்காரர்களே கெஞ்சுவார்கள். இவர் எடுத்துக்கொண்டு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வீட்டில் ஒரு அறை முழுக்கத் தட்டு. கதவைத் திறந்தால் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும், என்னைப் போலத் தொப்பை வைத்தவன் நுழையவே முடியாது.

தட்டு விலை இருக்கிறதே, அதைப் போலப் புத்தி கெட்ட சமாச்சாரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்து, தங்க எழுத்து போட்டு, பெட்டியோடு வந்த செட்டுகளை ஒரு காலத்தில் மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினார்கள். இன்றைக்கு அதை இனாமாகக் கொடுத்தாலும் எடுத்துப் போக ஆள் கிடையாது. எங்கள் கடைக் கதவு காற்றில் ஆடாமல் இருக்க அப்படி ஒரு பெட்டியைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் சோப்புக் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த விளம்பரத் தட்டு, திக்குவாய் சரியாவதற்காக யாரோ டாக்டர் பேசிப் பதிவு செய்த தட்டு, இவற்றுக்கெல்லாம் அடிதடி. நான் காரணம் கேட்டேன்.

“எல்லாரும் பத்திரமா வெச்சிருந்தாங்க பாரு மச்சான், அது விலை போகாது. எல்லாரும் தூக்கிப் போட்டதுதான் விலை போகும்,” என்றார்.

“அப்போ உங்களையும் தூக்கிப் போட்டுப் பார்க்கச் சொல்லட்டுமா அக்காகிட்ட?”

சிரித்தார். அந்த விஷயத்தில் தங்கமான மனிதர், என்ன கிண்டல் செய்தாலும் கோபம் வராது. ஆனால் கல்லுளிமங்கன். ஒன்றை மனதில் நினைத்துவிட்டால் அசைக்க முடியாது. ஒரு தட்டுக்கு நல்ல விலை வரும். கேட்டவர் கையில் பணத்தோடு நிற்பார். இவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் ஏறும்” என்று பழைய இடத்திலேயே சொருகிவிடுவார். வந்தவர் என் கடைப் பக்கம் திரும்பி, ‘இவருக்கு என்ன ஆச்சு?’ என்கிற மாதிரி பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு தைப்பேன்.

அவர்கள் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு: பிரிக்காதது. கம்பெனியிலிருந்து வந்தபோது மேலே சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதம் கிழியாமல் இருந்தால் அது பிரிக்காதது. ஃபோன் வந்தால் முதல் கேள்வியே, “பிரிச்சதா, பிரிக்காததா?” தான். என்ன பாட்டு, யார் பாடியது என்பதெல்லாம் அப்புறம். பிரிக்காததுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை. உள்ளே இருப்பதை யாரும் கேட்டதில்லை என்பதற்காகவே அந்த விலை. எனக்கு இது முதலிலிருந்தே எரிச்சல். யாரும் தூக்கிக்கொண்டு போகாத பைக்குத்தான் விலை அதிகம் என்றால் நான் எதற்குத் தைக்க வேண்டும்?

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அவள்தான்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் போர்வை நெய்கிற ஆலையில் வேலை பார்த்தாள். நன்றாகப் பாடுவாள். நன்றாக என்றால், அவள் குளிக்கும்போது பாடினால் மாடி வீட்டுக்காரர் ரேடியோவை அணைப்பார். ஆலையின் வெள்ளி விழாவுக்கு நெசவுப் பெண்களை வைத்து ஒரு தட்டு பதிவு செய்தார்கள். மேஸ்திரி ஒருவர் பாட்டு எழுதுவார்; அவரே மெட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். இரண்டாவது பக்கத்தில் கடைசிப் பாட்டில் ஒரு இடத்தில் தறிகளை எல்லாம் நிறுத்திவிடுவார்களாம், அக்கா மட்டும் தனியாக ஒரு சரணம் பாடுவாள். ஆளுக்கு ஒரு தட்டு கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தட்டு அச்சாகி வருவதற்கும் ஆலையை இழுத்து மூடுவதற்கும் சரியாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, கடைசி மாதச் சம்பளம் உட்பட.

அதற்கு அடுத்த வருடம் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்துக்கொண்டாள், ஆனால் குரல் போய்விட்டது. பேச்சு வரும், கரகரவென்று, உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி. ஃபோனில் பேசினால் எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் “சொல்லுங்க சார்” என்பார்கள். பாட்டு அடியோடு நின்றுவிட்டது. அந்தக் குரலோடு இருந்தவளைத்தான் அத்தான் பெண் பார்க்க வந்து, “எனக்குப் பிடிச்சிருக்கு” என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். அதற்காக அவர் மேல் எனக்கு என்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் அக்கா பாடி அவர் கேட்டதில்லை, அவர்கள் பெண்ணும் கேட்டதில்லை. “எங்கம்மாவா? பாடுவாங்களா? சும்மா கதை விடாதீங்க மாமா,” என்று என்னிடமே சிரிப்பாள் அந்தக் கழுதை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்கு வாங்கிய கட்டுக்குள் அந்த ஆலைத் தட்டு இருந்தது. அத்தானுக்குத் தலை கால் புரியவில்லை. கடையை என்னிடம் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். நான் கடையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் எனக்கு என்ன வியாபாரம்?

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. தறி வரிசைக்கு முன்னால் பெண்கள் நிற்கிற படம். இரண்டாவது வரிசையில் யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி முகம்.

“ஐயோ, இது நான்,” என்றாள். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

“கத்தரிக்கோல் எதுக்கு?” என்றார் அத்தான்.

“பிரிக்கத்தான். உங்க மீசைய வெட்டவா கொண்டு வந்தேன்?”

“இரு, இரு. இது பிரிக்காதது.”

“அதான் பிரிக்கப் போறேன்.”

“உனக்குப் புரியல. பிரிக்காதது கெடைக்கவே கெடைக்காது. ஒரு வார்த்தை விலை விசாரிச்சிட்டு வந்துடறேன். நாளைக்குப் போட்டுக் கேப்போம்.”

அக்கா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் தட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாளைக்கு என்றார் இல்லையா, அந்த நாளை வரவே இல்லை.

விசாரித்ததில் விலை அப்படி ஒன்றும் இல்லை. அப்போதே பிரித்திருக்கலாம். ஆனால் எங்கேயோ ஒரு வெளிநாட்டுப் பையன் அந்தத் தறிச் சத்தத்தை வெட்டி எடுத்து நடனப் பாட்டு ஒன்றுக்குத் தாளமாகப் போட்டுத் தொலைத்தான். அது பிரபலமாகிவிட்டது. அந்தச் சத்தம் எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே நாலைந்து தட்டுதான் வெளியே வந்திருக்கிறது என்று தெரிந்ததும் விலை பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு மாத வாடகை, பிறகு ஒரு வருட வாடகை. வைத்திருந்தவர்களில் எவனும் இன்டர்நெட்டில் முழுசாகப் போடவில்லை. மற்றவன் காதில் விழுந்தால் தன் தட்டுக்கு மதிப்புக் குறையும் என்று நினைக்கிற கூட்டம் அது. ஒருவர் முதல் பக்கத்தில் கொஞ்சூண்டு போட்டிருந்தார், வெறும் தறிச் சத்தம். அக்கா அதை ஃபோனில் கேட்டுவிட்டு, “நான் அடுத்த பக்கத்துலதான இருக்கேன்,” என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அக்கா இரண்டாவது முறை கேட்டது பெண் வேலைக்குப் போகத் தொடங்கியபோது. நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“இவகிட்டயாவது ஒரு தடவ போட்டுக் காட்டணும். நான் பாடுனேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா.”

“பிரிச்ச நிமிஷம் பாதி விலை போயிடும்மா.”

“போகட்டுமே. பொண்டாட்டி குரல் கேக்க அந்தப் பாதியக் குடுக்க மாட்டீங்களா?”

“குரல் எங்க போகப் போகுது? உள்ளதான இருக்கு. பத்திரமா இருக்கு.”

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அவர் அதை ஆறுதலாகச் சொன்னார், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது முறை அவள் வேறு மாதிரி கேட்டாள். “சரி, வித்துடுங்க. வாங்குறவனாவது கேக்கட்டும்.”

“வாங்குறவனும் பிரிக்க மாட்டானே,” என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

மறுநாள் கடையில் பலகைக்கு மேலாகத் தலையை நீட்டி அவரை ஒரு பிடி பிடித்தேன். “அத்தான், நீங்க மனுஷனா இல்ல அலமாரியா? விக்கவும் மாட்டீங்க, கேக்கவும் மாட்டீங்க, எதுக்கு அது?”

அவர் ஒரு தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எனக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ கையில என்ன இருக்கு, சொல்லு? என் பென்ஷன் பாதியாயிடும். வீட்டு ரூம்ல இருக்கிறது எல்லாத்தையும் வித்தாலும் அந்த ஒரு தட்டு விலைக்கு வராது. அவளுக்காகத்தான் மச்சான் வெச்சிருக்கேன்.”

பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால் என்னால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. திட்ட முடியாத ஆளோடு ஒரே வளைவில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தால்தான் தெரியும்.

எதிர் வரிசையில் இன்னொரு தட்டுக் கடை உண்டு. அதை நடத்துபவரைக் கண்ணாடிக்காரர் என்போம், தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அவர் ஒருநாள், “அண்ணே, மேல சுத்துன காகிதம் வருஷம் ஆக ஆக இறுகும். உள்ள தட்ட வளைச்சிடும். எதுக்கும் பிரிச்சுப் பாத்துடுங்க,” என்றார்.

“வளைஞ்சிருக்கா இல்லையான்னு பிரிச்சாத்தான தெரியும்?” என்றார் அத்தான்.

“ஆமா.”

“அப்ப பிரிக்காத வரைக்கும் வளையல.”

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

போன வருடம் அந்த ஆலைக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்ட ஒருவர் வாங்கினார். பாய்லர் அறைக்குப் பின்னால் பூட்டிய கிடங்கு ஒன்று இருந்திருக்கிறது. உடைத்துப் பார்த்தால் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக அந்தத் தட்டு. ஆளுக்கு ஒன்று கொடுக்க வந்தது அப்படியே அங்கேயே கிடந்திருக்கிறது. அத்தனையும் பிரிக்காதது. இடிக்கிற ஆட்கள் குட்டி லாரியில் போட்டுக் கொண்டுவந்து, முதலில் கண்ணாடிக்காரர் கடையில் இறக்கினார்கள். அவர் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டார். அவ்வளவுதான், வெளிநாட்டு விலை எல்லாம் சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி சரிந்தது. வெள்ளிக்கிழமை ஒரு வருட வாடகையாக இருந்தது அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு டீயும் ஒரு பன்னும். கடை வாசலில் கூடையில் போட்டு, ‘எது எடுத்தாலும் ஒரே விலை’ என்று பலகை வைத்துவிட்டார்.

அத்தான் அந்த வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ரயில் வந்தபோது முள்ளைத் தூக்க மறந்து ஒரு தட்டைக் கீறிவிட்டார். “இன்னும் ஏறும்” என்று கூப்பிடுகிறவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. சந்தையில் அந்த அளவுக்கு நல்ல மனசு உண்டு. சனிக்கிழமை காலையில், “இன்னும் எத்தன பெட்டி இருக்குன்னு என் கண்ணால பாத்துட்டு வரேன்,” என்று ஆலை இருக்கிற பக்கம் பஸ் ஏறிப் போனார்.

அவர் போன பிறகு, மத்தியானம் அவர் பெண் வேலை முடிந்து வந்தாள். என் கடைக்கு வரவில்லை. நேரே எதிர் வரிசைக்குப் போய்க் கூடையைக் கிளறினாள். கண்ணாடிக்காரர் சரிபார்ப்பதற்காகப் பிரித்து வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்து, பணம் கொடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“பிரிச்சது எதுக்குடி வாங்குன? அதே விலைக்குப் பிரிக்காததே இருக்கே,” என்றேன். பாருங்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது அந்த நோய்.

“கேக்கறதுக்கு, மாமா. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க.”

சாயங்காலம் போனேன். வீட்டில் இருந்த பழைய பிளேயரைத் துடைத்து மேஜை மேல் வைத்திருந்தாள். அக்கா நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். நீ போடு, நீ போடு என்று மாறி மாறிச் சொல்லிவிட்டுக் கடைசியில் பெண்தான் முள்ளை வைத்தாள். இரண்டாவது பக்கம்.

முதலில் தறிச் சத்தம், மேலே கூட்டமாகப் பெண்கள் குரல். அக்கா தனியாகப் பாடுகிற இடம் இன்னும் வரவில்லை. கடைசிப் பாட்டு வந்தது. திடீரென்று தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. பிறகு அக்கா பாடினாள். நான் நெய்கிற இந்தப் போர்வைக்குள் யார் தூங்கப் போகிறார்களோ, நல்ல கனவு காணட்டும் என்று சாதாரண வரிகள்தான். நான் அரை டிரவுசர் வயதில் கேட்ட அதே குரல். என்னால் தாங்க முடியவில்லை, வெட்கமில்லாமல் அழுதேன். பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது. அக்கா அழவில்லை. ஒரு வரியில், “இந்த எடத்துல இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கணும்,” என்றாள், அவ்வளவுதான்.

பாட்டு முடிந்ததும் பெண் ஒன்றும் கேட்காமலே முள்ளை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். மறுபடி தறிகள் நின்றன, மறுபடி அக்கா ஆரம்பித்தாள். அப்போதுதான் கதவு திறந்தது. அத்தான். காலெல்லாம் சிமெண்டுத் தூசி. ஒரு செருப்பைக் கழற்றியவர் இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே நின்று கேட்டார். அந்த ஒரு வாரத்தில் அவர் முகம் இப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

“யாரு பாடுறது?” என்றார். “யாரும்மா இது? தெரியாத ஆளா இருக்கே. என்ன குரல் பாரு!”

அவர் நொண்டி நொண்டி உள்ளே வந்து, மேஜை மேல் இருந்த உறையை எடுப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள், அந்தக் கரகரத்த குரலில்.

“நான்தான்.”

அவர் உறையைப் பார்த்தார். தறி வரிசை, பெண்கள், இரண்டாவது வரிசையில் பாதி முகம். இத்தனை வருடமாகக் காகிதத்துக்கு வெளியிலிருந்தே பார்த்த படம். பிறகு அக்காவைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு ஓடி முடிந்து, முள் நடுவில் கர், கர் என்று உரசிக்கொண்டிருந்தது.

“இதோட விலை இறங்கலைன்னா,” என்றாள் அக்கா, “இன்னிக்கும் நீங்க இதக் கேட்டிருக்க மாட்டீங்க.”

ஏதாவது சமாதானம் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். பென்ஷன், உனக்காகத்தான், எல்லாவற்றையும் சொல்லுவார் என்று நினைத்தேன்.

“ஆமா,” என்றார் அத்தான்.

பெண் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள். அவர் மேஜைப் பக்கம் கையைக் காட்டி, இன்னொரு தடவை என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அக்கா சுவரை விட்டு நகர்ந்து வந்து, முள்ளைத் தூக்கினாள். அவளுக்குப் பழக்கமில்லை. சரியான இடம் எது என்று தட்டின் மேல் குனிந்து தேடினாள்.

“உங்களுக்காக இல்ல,” என்றாள். “எனக்கு இன்னொரு தடவ கேக்கணும்.”